கரிசலில் வெள்ளாட்டுக்குக் கொட்டகை: மண்தரையா, சிமெண்டா, பரணா?

"தம்பி, பரண் போட்டாத்தான் ஆடு வளக்க முடியும்னு சொல்லுதாங்களே, உள்ளதா?"

போன வாரம் மதினி கேட்ட கேள்வி இது. அவர்களுக்கு விளாத்திகுளம் பக்கம் வீடு. பின்னால் முழுக்கக் கரிசல் நிலம். மகளிர் குழுவில் கடன் கிடைத்திருக்கிறது. கன்னி இனத்து வெள்ளாட்டுப் பெட்டைகள் 15-ம் ஒரு கிடாயும் வாங்கப் போகிறார்கள். கொட்டகை விஷயத்தில்தான் குழப்பம். ஒருவர் பிளாஸ்டிக் பரண், அதாவது தரையிலிருந்து உயர்த்தி இடுக்கு விட்ட தளம், போடச் சொல்கிறார். இன்னொருவர் சிமெண்ட் தரை போட்டால் கூட்டிப் பெருக்க வசதி என்கிறார். அவர்கள் வீட்டு மாமாவோ, "நம்ம அப்பன் பாட்டனெல்லாம் பரணா போட்டாங்க?" என்று ஒரே போடாகப் போடுகிறார்.

12 வருடமாக ஆடு வைத்திருக்கிறேன். மண்தரையிலும் வளர்த்திருக்கிறேன், பரணிலும் வளர்க்கிறேன். மதினிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

கொட்டகை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கோடையில் போகிறார்கள். சித்திரையில் எந்தத் தரையும் நன்றாகத்தான் இருக்கும். நம் பக்கத்து ஆட்டுக்கு வெயில் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு வேப்பமரமும் தொட்டி நிறையத் தண்ணீரும் இருந்தால் பகலை ஓட்டிவிடும். ஈரம் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் அடுத்தடுத்து நாலு நாள் ஆட்டை வெளியே விட முடியாது. அந்த நாட்களில் ராத்திரி ஆடு படுக்கும் இடம் காய்ந்து கிடக்கிறதா, நசநசவென்று இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எந்தக் கொட்டகையையும் எடை போட வேண்டும். கட்டும் முன் ஒருமுறையாவது கார்த்திகை மழையில் நாலு பேர் வீட்டுக் கொட்டகையை எட்டிப் பாருங்கள்.

இட அளவை முதலில் பார்த்துவிடுவோம். பெட்டை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி, கிடாய்க்கு 20, குட்டிக்கு 4 முதல் 5 சதுர அடி வேண்டும். மதினியின் 15 பெட்டைக்கு 180, கிடாய்க்கு 20, ஒரே நேரத்தில் 12 குட்டி இருக்கும் என்று வைத்தால் 48. ஆக 250 சதுர அடி. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேரே உள்ளே விழாது. இந்த அளவு எந்தத் தரைக்கும் பொருந்தும். பரண் போட்டால் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். நெருக்கி அடைத்தால் பரணிலும் இருமல் வரும்.

கூரையில்லாத பட்டி

முதல் வழி, கொட்டகையே இல்லாமல் வேலிப்பட்டி. காய்ந்த முள்ளை வட்டமாக அடைத்தோ வலை கட்டியோ ஆட்டை ராத்திரி தங்க வைப்பது. மந்தையை ராத்திரி வயலில் தங்கவைத்துக் கிடை போடுகிற மேய்ப்பர்களான கீதாரிகள் காலம் காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். குட்டிகளை மட்டும் கூடாப்பு என்கிற சிறு கூண்டுக்குள் அடைப்பார்கள். தை அறுவடை முடிந்ததிலிருந்து ஆடிவரை இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. செலவு இல்லை, தினமும் இடம் மாற்றலாம், புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்துக்கே போய்ச் சேரும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று சொல்வார்கள். சொந்த நிலம் உள்ளவர்கள் கோடையில் இதை விடவே கூடாது.

ஆனால் வெள்ளாடு செம்மறி மாதிரி மழையைத் தாங்காது. உடம்பில் கம்பளியும் கிடையாது. தூறல் விழுந்தாலே கத்திக்கொண்டு ஒதுங்க இடம் தேடும். அதோடு தெருநாய்கள். ஒரே ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு ஆட்டைக் கடித்துக் குதறிப் போட்டுவிடுகின்றன. காவலுக்கு ஆள் படுக்காத பட்டி வேண்டவே வேண்டாம்.

மண்தரைக் கொட்டகை

மாமா சொல்வது இதைத்தான். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது மண்ணைப் பொறுத்தது.

என் மச்சானுக்குச் சாத்தான்குளம் பக்கம். தேரிச் செம்மண். எவ்வளவு மழை பெய்தாலும் காலையில் பார்த்தால் தண்ணீர் இருந்த இடம் தெரியாது, மணல் குடித்துவிடும். அவர் 20 ஆட்டை வெறும் மண்தரையில் பனையோலைக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார். அவருக்குப் பரண் என்ற பேச்சே தேவையில்லை.

கரிசல் அப்படியா? கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், கை நுழையும் அளவுக்கு. மழை விழுந்தால் உப்பிக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடும். தண்ணீரைக் கீழே விடாது. ஆட்டு மூத்திரமும் அதே மாதிரி மேலேயே நிற்கும். நான் ஆடு வளர்க்க ஆரம்பித்த இரண்டாம் வருடம், இருந்த கரிசல் தரை மேலேயே நாலு கல்தூண் நட்டுக் கூரை போட்டு ஆட்டை அடைத்தேன். ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. கூரை ஒழுகவில்லை. ஆனால் வெளியே தேங்கிய தண்ணீர் அடியில் ஊறி உள்ளே வந்துவிட்டது. காலையில் கொட்டகைக்குள் குனிந்தால் கண் எரியும், மூக்கில் நெடி ஏறும். நமக்கு நின்றுகொண்டு பார்த்தால் அவ்வளவு தெரியாது. குட்டி படுத்திருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால்தான் தெரியும்.

பத்தாவது நாள் இரண்டு மாதக் குட்டி ஒன்று வாலைத் தூக்க முடியாமல் நின்றது. பின்னங்கால் முழுக்கப் பிசுபிசுப்பு, கழிச்சலில் ரத்தம் கோடு கோடாக. ரத்தக் கழிச்சல் என்று கால்நடை மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். ஈரமான, புழுக்கை மிதிபட்ட தரையில் அந்த நோய்க்கிருமி பெருகும். குட்டிகள் வாய் வைக்காத இடம் கிடையாது, நக்கும்போது உள்ளே போய்விடும். மருந்து கொடுத்தும் நாலு குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. தாய் ஆடுகள் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், முடிவு எடுக்கும்போது தேவைப்படும்.

அதனால் கரிசலில் மண்தரை வைத்தால் அந்த மண்ணிலேயே வைக்கக் கூடாது. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, செம்மண் சரளை அடித்து, தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்தி, நன்றாகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால். கூரை இறவாணம் தரையைத் தாண்டி 3 அடி வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் பாதித் தரையை நனைத்துவிடும். தினமும் பெருக்கி, வாரம் ஒருமுறை சுண்ணாம்புத் தூள் தூவி, வருடம் ஒருமுறை மழைக்கு முன் மேலே அரையடி மண்ணை மாற்ற வேண்டும். மாற்றிய மண்ணை வயலுக்குப் போட்டால் அதுவே உரம். இத்தனையும் செய்தால் கரிசலிலும் மண்தரை நிற்கும். செய்ய முடியாதவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு நன்மையும் உண்டு. சரளைத் தரையில் நடக்கிற ஆட்டுக்குக் குளம்பு தானாகத் தேய்ந்துகொள்ளும். பரண் ஆட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டிவிட வேண்டும்.

சிமெண்ட் தரை

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மாட்டுக்கு இருப்பதைப் பார்த்து ஆட்டுக்கும் போடுகிறார்கள். மாட்டுத் தொழுவம் போலத் தினம் கழுவிவிட வேண்டும். கழுவினால் ஈரம், கழுவாவிட்டால் மூத்திரம். மார்கழிக் குளிரில் தரை சில்லென்று ஏறும், குட்டிக்குச் சளி பிடித்து நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தீவனத்தொட்டி, தண்ணீர்த்தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் போடலாம், அங்கேதான் சகதி ஆகும். ஆடு படுக்கிற இடத்துக்கு இது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

பரண்

பரண் என்றால் தரையிலிருந்து உயர்த்திப் போட்ட இடைவெளி விட்ட தளம். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடும், ஆடு எப்போதும் காய்ந்த இடத்தில் படுக்கும். அடைமழையில் பரண் கொட்டகைக்குள் போய் நின்று பாருங்கள். நெடி இருக்காது, ஆடுகள் கால் மடக்கி அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் நானும் குட்டிகளுக்குப் பரண் போட்டேன்.

உயரம் எவ்வளவு என்பதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மூன்றடியில் போட்டால் மரம் மிச்சம், ஆனால் கீழே புகுந்து புழுக்கை வார முடியாது. முதுகு ஒடியும், அப்புறம் வாரவே மாட்டார்கள், அடியில் குவிந்து ஈரமாகி நெடி மேலே ஏறும். பரண் போட்டும் பலன் இல்லாமல் போவது இப்படித்தான். நாலரை, ஐந்து அடி இருந்தால் குனிந்தபடி மண்வெட்டியோடு போய் வரலாம். கீழ்த்தரையும் மேடாக, வாட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அடியில் நின்று எருவைச் சேறாக்கிவிடும்.

இடைவெளி ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர். நான் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. சுண்டுவிரல் நுழைய வேண்டும், கட்டைவிரல் நுழையக் கூடாது. குட்டிகள் இருக்கும் பகுதியில் சுண்டுவிரலே இறுக்கிக்கொண்டு போனால் சரி. இதைவிட அகலமாக விட்டால் குட்டியின் கால் மாட்டி முறியும். முறிந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன், அந்தக் கத்தலை மறக்க முடியவில்லை.

மரமா, பிளாஸ்டிக்கா? நம் பக்கம் பனஞ்சட்டம் கிடைக்கும், வேம்பு கிடைக்கும். மரம் காலுக்கு இதம், உள்ளூர்த் தச்சரே போட்டுவிடுவார், ஒரு சட்டம் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், அதனால் இடைவெளி ஒரே மாதிரி நிற்காது. மூத்திரத்தில் ஊறிச் சில வருடத்தில் ஆணி அடித்த இடம் இற்றுப்போகும். வருடம் ஒருமுறை ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பலகையில் இடைவெளி மாறாது, இற்றுப்போகாது, கழுவிக் காயவைக்கலாம். முதல் செலவு அதிகம். வாங்கும்போது இரண்டு செங்கல்லுக்கு நடுவில் ஒரு பலகையை வைத்து அதன்மேல் ஏறி நின்று பாருங்கள், வளைந்தால் வேண்டாம். இரும்புக் கம்பி வலை மட்டும் கூடாது, குளம்பைக் கிழித்துவிடும், துருப்பிடிக்கும்.

பரணின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஏறி இறங்குகிற சாய்வுப் பாதை செங்குத்தாக இருந்தால் சினையாடு வழுக்கி விழும், குட்டி கலைந்துபோக வாய்ப்புண்டு. பாதையை நீளமாக, குறுக்கே சட்டம் அடித்துப் போட வேண்டும். மார்கழியில் அடியிலிருந்து வாடைக்காற்று ஏறும். புதிதாகப் பிறந்த குட்டிக்குச் சாக்கு விரித்து, வடக்குப் பக்கம் தட்டி கட்டாவிட்டால் குளிர் தாங்காது. தழையைத் தரையில் போட்டால் பாதி இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். தழையைக் கொத்தாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிடுவதுதான் நல்லது. ஆட்டுக்கு நிமிர்ந்து கடித்துத் தின்பதில்தான் விருப்பம், மிதிபட்ட தழையை முகர்ந்துகூடப் பார்க்காது.

இன்னொன்று. பரண் போட்டால் குடற்புழுவே வராது என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆட்டை நாள் முழுக்கக் கொட்டகையிலேயே வைத்து, தீவனத்தை வெட்டிப் போட்டு வளர்த்தால் அது பெரும்பாலும் சரி. மேய்கிற ஆட்டுக்கு அது சரியில்லை. புழுக்கையில் வெளிவரும் முட்டை பொரித்து, புழுக்குஞ்சு ஈரப்புல்லின் நுனிவரை ஏறி நிற்கும். ஆடு அதைப் புல்லோடு தின்கிறது. ராத்திரி எதில் படுத்தாலும் பகலில் மேயும் இடத்திலிருந்து புழு வரும். அதனால் மழைக்காலத்தில் பனி காய்ந்த பிறகுதான் மேய்ச்சலுக்கு விட வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் மருத்துவரைக் கேட்டுப் புழுமருந்து கொடுக்க வேண்டும். அல்பென்டசோல் மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளிறி, வெள்ளையாக இருந்தால், கூடவே தாடைக்குக் கீழே நீர் கோத்த மாதிரி வீங்கியிருந்தால், புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தடுப்பூசிக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு நாலு மாதம் தாண்டியதும் ஒரு ஊசி, மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரி நோய்க்கு வருடாவருடம் மழைக்கு முன். ஊசியை விட்டுவிட்டு எவ்வளவு நல்ல பரண் போட்டாலும் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும்.

யாருக்கு எது?

நாளுக்கு எத்தனை மணி நேரம் ஆடு உள்ளே இருக்கப்போகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். தலைச்சேரி இன ஆடு வாங்கி, தீவனத்துக்கு வேலிமசாலும் அகத்தியும் கோ-4 புல்லும் பயிரிட்டு, கட்டிப்போட்டு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் 24 மணி நேரமும் ஆடு அந்தத் தரையில்தான். அப்போது முழுப் பரண் போடுங்கள், யோசிக்க வேண்டாம். போட்ட காசு குட்டியாகத் திரும்பி வரும். ஆடு ஒன்றுக்கு நாளைக்கு 3, 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். அதற்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கன்னி, கொடி இன ஆடுகள் வேறு மாதிரி. கொடி ஆடு நெட்டைக் காலோடு நடந்துகொண்டே இருக்கப் பிறந்தது. கன்னி, காய்ந்த காட்டிலும் கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்று குட்டியை வளர்த்துவிடும். இவை காலை 9, 10 மணிக்குப் போனால் பொழுதடையத்தான் வரும். கொட்டகை ராத்திரிக்கும் மழைநாளுக்கும் மட்டும்தான். இவற்றுக்காகக் கடன் வாங்கி 250 சதுர அடிக்கும் பரண் போடுவது தேவையில்லாத சுமை என்று நினைக்கிறேன். இரண்டடிக்கு ஓரடிப் பலகை என்றால் 125 பலகை, அதைத் தாங்கத் தூண், உத்தரம், தச்சுக்கூலி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தில் இன்னும் நாலைந்து பெட்டை வாங்கலாம்.

என் நாலு குட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஈரத்தில் போனது குட்டிகள்தான், தாய்கள் அல்ல. அதனால் நான் பிறகு செய்ததையே மதினிக்கும் சொன்னேன். பெரிய ஆட்டுக்குச் சரளை அடித்த மேட்டுத்தரை. அதன் கிழக்கு மூலையில் 8 அடிக்கு 6 அடி குட்டிப் பரண், 24 பலகையில் முடிந்துவிடும். குட்டிப் பரணுக்கு அடியில் ஆள் நுழைய வேண்டியதில்லை, வெளியிலிருந்தே வாரிவிடலாம். இரண்டரை அடி உயரம் போதும். பால் குடிக்கக் காலையும் மாலையும் தாயிடம் விட்டுவிட்டு மற்ற நேரம் அதில் அடைக்கலாம். பிறந்த முதல் சில நாட்கள் தாயோடு தனியாக விட வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். பின்னால் ஆடு பெருகினால் பரணை அந்த மூலையிலிருந்து நீட்டிக்கொண்டே போகலாம்.

கூரைக்குப் பனையோலை. நம் வெயிலுக்கு அதைவிடக் குளிர்ச்சி வேறு இல்லை, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். தகரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் 10 அடிக்குக் குறையாமல் உயர்த்தி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து ஓலையும் பரப்புங்கள். நாலு பக்கமும் நாலடிக்குத் தட்டியோ சுவரோ, அதற்கு மேல் கூரைவரை வலை. காற்றும் வரும், நாயும் நுழையாது.

ஆவணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று மதினி நேற்றே கயிறு பிடித்துவிட்டார்கள். "ஒன்றரை அடி மேடுன்னு சொன்னீங்களே தம்பி, எதுலேர்ந்து ஒன்றரை அடி?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இப்போது தரை காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, மட்டம் எதுவென்றே தெரியவில்லை. வீட்டின் பின்சுவரைச் சுற்றிப் பார்த்தோம். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போன கார்த்திகைத் தண்ணீர் நின்ற கறை, மங்கலாக, சுவர் நீளத்துக்கும் கோடு போட்ட மாதிரி இருந்தது. அந்தக் கறையிலிருந்து ஒன்றரை அடி அளந்து, கரியால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்திருக்கிறேன். சரளை லாரி வியாழக்கிழமை வருகிறது.